விடுதிக்கு நடுவுல விடுதி தேடுறவனுக்கு

வாடா பேராண்டி, அந்த லேப்டாப்ப மூடிட்டு இப்படித் திண்ணையில ஒக்காரு. மெட்ராசுலருந்து வந்ததும் வராததுமா பதினாலு பக்கத்துக்குத் திட்டம் போட்டுக் கொண்டாந்து குடுத்தியே, படிச்சுட்டேன். கண்ணாடிய ரெண்டு தரம் தொடச்சுப் படிச்சேன். 'அக்னி ரிவர் வியூ ஈகோ ரிசார்ட், கறம்பக்குடி.' எங்க காலத்துல ஈகோன்னா தலைக்கனம்னு வாத்தியார் சொல்லிக்குடுத்தாரு. இப்ப அதுக்கு ரூம் வாடகையும் வாங்குறீகளா? சரி சரி, சுற்றுச்சூழலுன்னு அர்த்தம்கிற, ஒத்துக்கிட்டேன். ஆனா அந்த ரிவர்? நம்ம அக்னியாறு காட்டாறு அப்பு. ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டுனா நாலு நாளு கரை பொரள ஓடும். மத்த நாளு ஆடு மேயும். பால்கனியில நாக்காலியப் போட்டு ஒக்காந்து ஆட்டப் பாக்குறதுக்கா ஒருத்தன் ஆறாயிரம் குடுப்பான்? சிரிக்காத, குடுப்பான். இருபத்தெட்டு வருசம் டூர் வேன் ஓட்டுனவன் சொல்றேன். மனுசன் வீட்டுல ஓசியாப் பாத்ததையே வெளியூர்ல காசு குடுத்துப் பாப்பான்.

ரெண்டாவது பக்கத்துல என்ன எழுதியிருக்க? 'இப்பகுதியில் தங்கும் விடுதிகள் இல்லாதது ஒரு பெரும் குறை.' இதப் படிச்சதும் ஒங்க அப்பத்தா விழுந்து விழுந்து சிரிச்சா. வடக்க போனா வெள்ளாளவிடுதி, அந்தப் பக்கம் மருதன்கோன்விடுதி, இந்தப் பக்கம் வாண்டான்விடுதி, பிலாவிடுதி, ஒடப்பவிடுதி. கறம்பக்குடியச் சுத்தி எங்கிட்டுத் திரும்புனாலும் விடுதிதான். இத்தனை விடுதிக்கு நடுவுல நின்னுக்கிட்டு விடுதி இல்லைங்கிறியே, கண்ணாடி எனக்கு வேணுமா ஒனக்கு வேணுமா? இந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சுன்னு படிச்சவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அந்த வம்பு எனக்கு வேணாம். ஆனா ஊருக்கே விடுதின்னு பேரு வச்சவன் கதவத் தெறந்து வச்சிருந்தவனாத்தான் இருந்திருப்பான்னு நெனைச்சுக்குவேன். அவன் கதவுக்கு நீ இப்பத் திரும்ப நெலை வைக்கப் போற, நல்லது. செங்கல் அடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன்.

வண்டி எங்க நிக்கும்?

வெளங்கலையா? ஒரு கதை சொல்றேன், இதுவரைக்கும் ஒங்கப்பன்கிட்டகூடச் சொல்லாதது. டூர் வண்டி ஓட்டுறவனுக்குச் சம்பளம் கம்மி. ஆனா டிரைவரையும் கிளீனரையும் ராசா மாதிரி நடத்துற எடம் ரோட்டுல அங்கங்க இருக்கும். இருபது பேர எறக்கி விட்டுட்டா எங்களுக்குத் தனி மேசை, பரோட்டா, முட்டை, போகும்போது கையில அம்பது நூறு. அந்த இருபது பேரும் அங்கிட்டு வெந்ததும் வேகாததுமாத் தின்னுட்டு ரெண்டு மடங்கு காசக் குடுத்துட்டு வருவாக. 'அண்ணே, வேற நல்ல கடை கெடைக்கலையா?'ம்பாக. 'இந்த ரூட்டுல இதாம்மா நல்ல கடை'ன்னு வாய் கூசாமச் சொல்லுவேன். அதுக்கு அரை ஃபர்லாங் முன்னாடி ஒரு ஆத்தா தனியாளா இட்லி சுட்டு வித்துக்கிட்டு இருக்கும். பஞ்சு மாதிரி இட்லி. அங்க நான் ஒரு நாளும் நிறுத்துனதில்ல. அந்த ஆத்தாகிட்ட எனக்குக் குடுக்க அம்பது ரூபா இல்ல.

சுற்றுலாவால சமூகம் மாறும், சுற்றுச்சூழல் மாறும்னு நாலாவது பக்கத்துல எழுதியிருக்க பாரு, நெசந்தான். பிரேக்க எங்க மிதிக்கிறமோ அங்க மாறும்.

நல்லா மிதிச்ச எடமும் இருக்கு, இல்லாமயா? குமுளியத் தாண்டித் தேக்கடிக்கு எத்தன தடவ போயிருப்பேன். அங்க பெரியார் புலிக்காட்டுல ஒரு கூட்டம் இருந்துச்சு. காட்டுக்குள்ள பூந்து வயணான்னு ஒரு மரத்துப் பட்டைய உரிச்சு விக்கிறது பொழப்பு. காட்டுக்கறுவான்னு வச்சுக்கயேன். பட்டைய உரிச்சா மரம் நிக்குமா? ஃபாரஸ்ட்டுக்காரங்க தொரத்துறதும் இவங்க ஓடுறதும் கேசுமா வருசக்கணக்கா நடந்துச்சு. 1990கள் கடைசியில, உலக வங்கிப் பணத்துல காட்டு ஓரத்து ஜனத்துக்குன்னு ஒரு திட்டம் வந்தப்போ, ஒரு அதிகாரிக்கு மூளை வேலை செஞ்சிருக்கு. காட்டுல ஒவ்வொரு வழியும் தெரிஞ்சவன் இவன்தான, இவனையே காவலுக்குப் போட்டா என்னன்னு. பட்டை உரிச்ச பயலுகளே சங்கமாச் சேந்து, டூரிஸ்ட்டுகளக் காட்டுக்குள்ள நடத்திக் கூட்டிப் போயி, ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க வச்சுக் கொண்டாந்து விட ஆரம்பிச்சாங்க. அவங்க சுத்துறதே காட்டுக்குக் காவலாயிடுச்சு. வர்றவன் குடுக்குற காசுலருந்து அவங்களுக்குச் சம்பளம், மிச்சம் சங்கத்துக்கு. திருடன் கையிலேயே சாவியக் குடுத்தா சில சமயம் வீடு பத்திரமா இருக்கும் போலடா.

ஒன் திட்டத்துலயும் 'ஃபாரஸ்ட் வாக்'குன்னு போட்டிருக்க. எந்த ஃபாரஸ்ட்டு? நம்ம தைலமரக் காடா? அதுக்குள்ள நடக்கக் கைடு எதுக்குடா? வரிசையா நட்டு வச்ச மரம், தொலைஞ்சு போகக்கூட முடியாது. குருவி கத்துற சத்தம் கேக்கணும்னா நீயே கத்துனாத்தான் உண்டு.

பக்கத்துலயே சிவகங்கை மாவட்டத்துல, திருப்பத்தூர்கிட்ட, கொள்ளுக்குடிப்பட்டின்னு ஒரு ஊரு. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு 1977லயே அரசாங்கம் போர்டு வச்ச எடம். அந்த ஊருக்காரன் தீவாளிக்கு வெடி வெடிக்க மாட்டான். கம்மாயில முட்டை போட்டு அடைகாக்குற கொக்கும் நாரையும் பயந்துடும்னு. ஒரு வருசம் ரெண்டு வருசமில்ல, தலைமுறையா. ஒருக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போனேன். வேன் கதவை நான் டொம்முன்னு சாத்துனதும் ஒரு பொடிப்பய ஓடி வந்து ஒதட்டுல வெரல வச்சு 'உஸ்'சுன்னான் பாரு, எங்கப்பன்கூட என்ன அப்படி அதட்டுனதில்ல. அங்க ரிசார்ட்டு இல்ல. நம்மூர்ல காது குத்துக்கே கொழாய் ஸ்பீக்கர் கட்டி மூணு நாளு பாட்டப் போடுறோம். கொக்கு வரணும்கிற ஒன் பதினோராவது பக்கத்த அந்த மைக்செட்டுக்காரன்கிட்டக் காட்டிட்டியா?

நீ சாட்சிக்கு வெளிநாட்டையே காட்டுற. வெனிசுக்காரன் 2024ல கூட்டம் ஜாஸ்தியாகுற நாள்ல, பகல்ல வந்துட்டுப் போறவன்கிட்ட அஞ்சு யூரோ வாங்க ஆரம்பிச்சான். தாய்லாந்துல ஒரு சினிமாவப் பாத்துட்டு வந்த கூட்டத்தாலயே நாசமாப்போன மாயா பேங்கிற கடக்கரைய 2018ல சாத்துனான், 2022 ஜனவரியிலதான் தெறந்தான், அதுக்குள்ள சுறாமீன் திரும்பி வந்துடுச்சு. நல்ல கதைதான். ஆனா இதுல ஒரு சங்கதியக் கவனிச்சியா? கூட்டம் வராம இருந்ததாலதான மீனு வந்துச்சு. டூரிசம் பண்ணுன பெரிய உபகாரம் கதவச் சாத்துனது. இதையும் ஒன் பதினாலு பக்கத்துல எங்கயாச்சும் ஓரமா எழுதி வையி.

அம்புட்டுத் தூரம் போவானேன், ஊட்டிக்கு வா. 2001 வாக்குலயே ஒரு கலெக்டரம்மா பிளாஸ்டிக்க ஒழிக்கணும்னு கிளம்புனாங்க. கல்லாறு செக்போஸ்ட்டுல வண்டிய நிறுத்தி, சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிஞ்சு பாத்து, தண்ணிப் பாட்டில், கேரி பேக்கெல்லாம் புடுங்கி வச்சுக்குவாக. என் வண்டி ஆளுக சண்டைக்குப் போவாக. நானும் கூடச் சேந்து கத்தியிருக்கேன், பொய் சொல்லல. இப்ப 2024 மே 7லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் போகணும், ஐகோர்ட்டு உத்தரவு. மலையில எவ்வளவு வண்டி தாங்கும்னு கணக்குப் பாக்க ஆரம்பிச்சுட்டாக. என் வேனுக்கு இருபத்தோரு பேருதான் பெர்மிட்டு. மலைக்கும் பெர்மிட்டு உண்டுன்னு அவங்களுக்கு இப்பத்தான் ஒறைச்சிருக்கு.

அதவிட எனக்குப் புடிச்சது பாட்டில் கதை. மலைக்கு வர்றவன் குடிச்சுட்டுக் காட்டுக்குள்ள வீசுற கண்ணாடியில யானை காலக் கிழிச்சுக்கிது. எத்தன போர்டு வச்சும் கேக்கல. 2022 மே மாசம் கோர்ட்டு சொல்லி, நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலிப் பாட்டில திருப்பிக் குடுத்தா அந்தப் பத்த திருப்பிக் குடுத்தாக. அம்புட்டுத்தான். நிக்க முடியாம ஆடுனவன்கூடப் பாட்டிலப் பச்சப்பிள்ள மாதிரி மார்ல அணைச்சுக் கொண்டாந்து குடுத்தான். எவனாச்சும் வீசிட்டுப் போனதையும் பொறுக்கிக் கொண்டாந்து காசாக்குனான் இன்னொருத்தன். 'இயற்கையைப் போற்றுவோம்'னு நீ போர்டு வைக்கணும்னு எழுதியிருக்க, செலவு முப்பதாயிரம்னு வேற. பத்து ரூபா போதும்டா பேராண்டி.

அப்புறம் சித்தன்னவாசல். நீ நம்ம ரிசார்ட்டுலருந்து 'ஹெரிடேஜ் டிரிப்'பு விடணும்னு எழுதியிருக்க எடம். நல்ல யோசனை. புதுக்கோட்டையிலருந்து பதினாறு கிலோமீட்டர். அறிவர் கோயில்ல அந்தத் தாமரைக்கொளம் ஓவியத்த எத்தன தரம் பாத்திருப்பேன் தெரியுமா? மீனு, வாத்து, யானை, கொளத்துல எறங்கிப் பூப் பறிக்கிறவன். ஒன்பதாம் நூத்தாண்டு, பாண்டியன் காலத்துதுன்னு சொல்றாக. ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல வெயிலு மழை எல்லாம் தாங்கி நின்னது, என் வண்டியில வந்தவன் கைய வச்சுத் தடவித் தடவித்தான் பாதி போச்சு. ஒரு காலத்துல காவல் சரியா இருக்காது. எல்லாப் பயலும் போற போக்குல தொட்டுட்டுத்தான் போவான். மேல ஏழடிப்பட்டத்துல சமணச் சாமிக படுத்த கல்லுப் படுக்கை இருக்குல்ல, வழுவழுன்னு? அதுல அந்தக் காலத்து எழுத்துல சாமிக பேரெல்லாம் வெட்டியிருக்கு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பய அவன் பேரையும், அவன் கட்டிக்கப் போற பிள்ளை பேரையும் அம்புக்குறி போட்டுக் கிறுக்கியிருந்தான். நான் சத்தம் போட்டேன். 'அண்ணே, அவுகளும் பேரத்தான வெட்டியிருக்காக?'ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுடா, என்ன பண்ணச் சொல்ற. அவன் இறங்கிப் போற வரைக்கும் சிரிச்சேன். அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பாறையிலயே ஒக்காந்திருந்தேன்.

நான் பண்ணுன தப்பும் இருக்கு. சித்தன்னவாசலுக்கு நான் குடுத்த நேரம் இருபது நிமிசம். அடுத்து திருமயம் கோட்டை, அதுக்கு இருபத்தஞ்சு. 'ஏறுங்க ஏறுங்க, சாப்பாட்டு நேரமாச்சு.' எனக்குக் கமிசன் சாப்பாட்டுக் கடையிலதான, கோட்டையிலயா இருக்கு? இருபது நிமிசத்துல ஒருத்தன் என்னத்தப் பாப்பான்? தடவுவான், போட்டோ புடிப்பான், கிறுக்குவான். ரெண்டு மணி நேரம் நிக்க விட்டு, விவரம் தெரிஞ்ச அந்த ஊர்ப் பய ஒருத்தன் கூட நின்னு, இது வாத்து, இது மகரமீனு, இந்தப் பச்சைய எதுல அரைச்சாகன்னு சொல்லிக்கிட்டே வந்தான்னு வையி, கைய எடுத்துப் பின்னாடி கட்டிக்குவான். பாத்திருக்கேன்.

செட்டிநாட்டுப் பக்கம் வேற மாதிரி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயிச் சம்பாதிச்சுக் கட்டுன வீடுக. தேக்குத் தூணு, இத்தாலிச் சலவைக்கல்லு, நூறு கதவு. அப்புறம் பங்காளி அம்பது பேரு ஆளுக்கொரு தெசையில போயிட, வீட்டக் கழட்டிக் கழட்டி வித்தாக. தூணு ஒருபக்கம், கதவு ஒருபக்கம், காரைக்குடி பழஞ்சாமான் தெருவுக்கு வந்து சேந்துடும். இருவது இருவத்தஞ்சு வருசமா நெலம மாறுது. கானாடுகாத்தான்லயும் காரைக்குடியிலயும், நம்ம மாவட்டத்துக் கடியாபட்டியிலயும் சில வீட்டத் தங்குற எடமா மாத்துனாக. கொத்தமங்கலத்துல பிரெஞ்சுக்காரக் கட்டடக் கலைஞர் ரெண்டு பேரு சாரதா விலாசுங்கிற வீட்டையே புதுப்பிச்சுத் தங்குற எடமாக்குனாக. 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் செட்டிநாடு ஏறுச்சு. கழட்டி வித்தா ஒரு தரம் காசு, தங்க விட்டா வருசா வருசம் காசுன்னு பங்காளிகளுக்கு வெளங்குனதும் சண்டையே பாதி கொறஞ்சு போச்சு.

அங்கயும் ஒரு வாசல்ல நான் நிறுத்தியிருக்கேன். ஆத்தங்குடிக் கல்லு போடுற பட்டறை. கண்ணாடித் தகட்டு மேல அச்ச வச்சு, கலரு கலவைய ஊத்தி, மண்ணும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணியில ஊறப்போட்டு வெயில்ல காய வைப்பாக. சூளை கெடையாது, கரண்டு கெடையாது, கைதான். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்கு அம்புட்டுப் பளபளப்பக் குடுக்குது. மெஷின் டைல்சு வந்து செத்துப்போக வேண்டிய தொழிலு. வந்து பாத்தவன் ஊருக்குப் போயித் தன் வீட்டுத் தரைக்கும் வேணும்னான், பொழச்சுக்கிச்சு. அங்க எனக்குக் கமிசன் குடுத்தாகளான்னு கேக்காத. டீ குடுத்தாக.

குமரகம் கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா அதுதான் ஒனக்கு ஒதவும். கேரளாவுல, வேம்பநாட்டுக் காயல் ஓரம். பெரிய பெரிய ஓட்டல் வந்துச்சு. ஊருக்காரன் சண்டைக்குப் போனான். எங்க காயல், எங்க கரை, எங்களுக்கு என்ன வந்துச்சுன்னு. நாயம்தான, ஓட்டலுக்குள்ள போற முட்டைகூட வெளியூர்லருந்து வந்தா? 2008ல அரசாங்கம் பொறுப்புச் சுற்றுலான்னு பேரு வச்சு கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடுன்னு நாலு எடத்துல ஆரம்பிச்சுச்சு. நாலும் ஒரே மாதிரி வெளையல, குமரகம்தான் தல தூக்குச்சு. ஏன் தெரியுமா? அங்க குடும்பஸ்ரீப் பொம்பளைக, நம்ம மகளிர் குழு மாதிரி, தரிசாக் கெடந்த எடத்துலயெல்லாம் காய்கறி போட்டாக. ஓட்டலுக்காரன் அவங்ககிட்ட வாங்கணும்னு பேச்சு. வெலைய அவனும் நிர்ணயிக்க முடியாது, இவங்களும் ஏத்த முடியாது, அதுக்குப் பஞ்சாயத்தோட ஒரு கமிட்டி. ஆரம்பத்துல 'இன்னிக்கு வெண்டைக்காய் வரல, நாளைக்கு முட்டை வரல'ன்னு ஓட்டலுக்காரன் மொகம் சுளிச்சான். அப்புறம் சரக்கெல்லாம் ஒரே எடத்துல சேத்து அனுப்பக் கடை வச்சாக. 2014ல அதுக்கு உலகச் சுற்றுலா அமைப்பு யுலிசஸ்னு ஒரு விருதும் குடுத்துச்சு. விருது கெடக்கட்டும். தரிசுல வெண்டைக்காய் வந்துச்சு பாரு, அதப் படி. கரம்புன்னாலும் தரிசுதான. நம்ம ஊருப் பேருக்கு வல்லின றகரம் போடணும்னு ஒங்க தமிழ் வாத்தியார் அடிக்க வருவாரு, அவரு வர்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுறேன்.

நம்மூருக்கு டூரிஸ்ட்டே வந்ததில்லைன்னு எழுதியிருக்க. தப்பு. ரெண்டு தரம் வந்தாக. 2017 பிப்ரவரியில நம்ம பக்கத்து நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் எடுக்க வேணாம்னு ஜனம் போராட்டத்துல ஒக்காந்தப்ப, எங்கிருந்தெல்லாம் வந்தாக! கல்லூரிப் பசங்க, சினிமாக்காரங்க, ஐ.டி. பிள்ளைக. நானே மூணு டிரிப் அடிச்சேன், டீசல் காசு மட்டும் வாங்கிக்கிட்டு. வந்தவங்க சோளக்கொல்லையப் பாத்தாக, பலாவப் பாத்தாக, 'இவ்ளோ பசுமையா? புதுக்கோட்டைன்னா வறண்ட ஊருன்னுல்ல நெனைச்சோம்'னாக. அவங்க பாத்துட்டுப் போயிச் சொன்னதும் சேந்துதான் ஊரு ஜெயிச்சுச்சு. 2020ல வேளாண் மண்டலச் சட்டம் போட்டப்ப தஞ்சாவூர், நாகப்பட்டினத்தோட நம்ம கறம்பக்குடி ஒன்றியத்தையும் பேரு சொல்லிச் சேத்தாக. ரெண்டாவது, 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வந்துட்டுப் போனதுக்கப்புறம். முப்பது வருசத் தென்னை முறிஞ்சு வேரோட கெடக்கு. வந்தவங்கள்ல அரிசி கொண்டாந்தவனும் இருந்தான், கூரை மேஞ்சு குடுத்துட்டுப் போனவனும் இருந்தான். விழுந்த மரத்து மேல ஏறி நின்னு கூலிங்கிளாசோட போட்டோ புடிச்சவனும் இருந்தான். அவன ஒங்க சித்தப்பன் எறங்குடான்னு வெரட்டுனது ஒனக்கு ஞாபகமிருக்கும். ஆக, எந்த மாதிரி ஆளு வரணும், எந்த மாதிரி ஆளு வரவேணாம்னு ஊருக்கு ஏற்கனவே பரிச்சயம் இருக்கு. அத நீ கன்சல்டண்ட்டுகிட்டக் காசு குடுத்துக் கேக்க வேண்டியதில்ல.

இப்ப ஒன் நீச்சல் கொளத்துக்கு வருவோம். பதிமூணாவது பக்கம். வேணாம்டா ராசா. நான் சின்னப்பிள்ளையில கெணத்துல எட்டிப் பாத்தா மொகம் தெரியும். இப்பத் தண்ணி எங்க கெடக்குன்னு போர் வண்டிக்காரனக் கேளு, அவனுக்கே தல சுத்தும். நீ ரிசார்ட்டுக்கு ஒரு போரு போட்டா பக்கத்துக் கொல்லைக்காரன் போரு காத்து வாங்கும். அப்புறம் அவன் ஒன் ரிவர் வியூவுக்கு எதுத்தாப்புல எருக்குழி வெட்டுவான், நானே மம்முட்டி எடுத்துக் குடுப்பேன். நீந்தணும்னு ஒருத்தன் வந்தா, மழைக்கு அப்புறம் வரச்சொல்லு. கொளத்துல எறக்கி விடுவோம். வாளைமீனு கடிச்சா கூடுதல் கட்டணம் கெடையாது.

கட்ட வேண்டிய கட்டடம் ஒண்ணு இருக்கு, அது ஒன் பதினாலு பக்கத்துல எங்கயும் இல்ல. கக்கூசு. மொகத்தச் சுளிக்காத. இருபத்தெட்டு வருசத்துல என் வண்டியில ஏறுன பொம்பளைக தண்ணி குடிக்காமயே வந்ததத்தான் நான் ஜாஸ்தி பாத்திருக்கேன். ஆம்பளை வண்டிய நிறுத்தச் சொல்லி வேலி ஓரம் போயிடுவான். அவுக காலையில கட்டுன வயித்தோட ராத்திரி வரைக்கும் ஒக்காந்திருப்பாக. கோயில் வாசல்ல அம்பது கடை இருக்கும், இது ஒண்ணு இருக்காது, இருந்தாப் பூட்டியிருக்கும், சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், அவரு கல்யாணத்துக்குப் போயிருப்பாரு. சுத்தமா, தண்ணியோட, ராத்திரி வெளக்கோட ஒண்ணக் கட்டி ஒரு ஆளப் போட்டுச் சம்பளம் குடு. 'கறம்பக்குடிப் பக்கம் நிறுத்துப்பா'ன்னு பொம்பளைகளே டிரைவர்கிட்டச் சொல்லுவாக. பூப்பறிக்கப் போற நம்மூருப் பிள்ளைகளுக்கும் ஆகும், சந்தைக்கு வர்ற கெழவிக்கும் ஆகும்.

பாக்குறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பான். நம்ம பக்கத்துலயே திருமணஞ்சேரி இருக்கு, சுகந்த பரிமளேஸ்வரர். கல்யாணம் கூடாதவன் எல்லாம் மாயவரம் பக்கத்துத் திருமணஞ்சேரிக்குக் கூட்டம் கூட்டமாப் போறான், நம்ம சாமி தனியா ஒக்காந்திருக்கு. போன வருசம் ஒரு பய கோயமுத்தூர்லருந்து போன்ல மேப்பு போட்டுத் தப்பா இங்க வந்துட்டான். 'அங்க போகணும்னா இன்னும் மூணு மணி நேரம் ஆகும், சாமி ஒண்ணுதான, இங்கயே கும்பிட்டுப் போ'ன்னேன். கும்பிட்டான், நெழல்ல ஒரு தூக்கம் போட்டான், வரும்போது ரெண்டு மூட்டை கடலையும் வாங்கிட்டுப் போனான். கல்யாணம் ஆச்சான்னு தெரியல. கடலை நல்லா இருந்துச்சுன்னு போன் பண்ணுனான்.

வருசம் பொறந்தா ஜல்லிக்கட்டு மொதல்ல எங்க தொறக்குது? நம்ம மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில. மாசி மகத்துக்குக் குளமங்கலம் போ. பெருங்காரையடி மீண்ட அய்யனார் வாசல்ல முப்பதடிக்கு மேல நிக்கிது குதிரை, அது உச்சியிலருந்து தரை வரைக்கும் காயிதப் பூமாலை ஆயிரக்கணக்குல விழும். குதிரையே மறஞ்சு போகும். பாத்தவன் வாயப் பொளக்காம வரமாட்டான். மறுநாள் காலையில அந்த மாலையெல்லாம் எங்க கெடக்குன்னும் கூட்டிப்போயிக் காட்டு, அதுவும் டூருதான். சித்திரைக்கு மேல வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா. ஒரு பலாப்பழத்த எப்படி வெட்டுறதுன்னு தெரியாம, கையில பூரா பால ஒட்டிக்கிட்டு நிக்கிற மெட்ராசுக்காரனப் பாக்க நம்மூர்ப் பிள்ளைக டிக்கெட் வாங்கி வருவாக.

ஆக, ரிசார்ட்டு கட்டுறதுக்குப் பதிலா, ரெண்டு ரெண்டு பேராப் பத்து வீட்டுல தங்க வையி. வாண்டான்விடுதியில ரெண்டு வீடு, மருதன்கோன்விடுதியில ரெண்டு வீடு. பேருக்கேத்தாப்புல ஆயிடும். சோறு வாழையிலையில. மாடு தின்னுக்கும், பிளேட்டு கழுவுற தண்ணி மிச்சம். கணக்கு நோட்டு மகளிர் குழுவுல இருக்கட்டும். ஒங்கிட்ட வேணாம், ஒங்கப்பன்கிட்ட சுத்தமா வேணாம். சீட்டுக்காசையே அவன் எப்படிப் பாத்துக்கிட்டான்னு ஒங்காத்தாவக் கேளு. எந்தச் சாதிக்காரன் வீட்டுலயும் தங்கலாம், எந்தக் கொளத்துலயும் எறங்கலாம்னு மொதப் பக்கத்துலயே பெருசா எழுது. வர்றவன் அத ஒண்ணும் பெருசா நெனைக்க மாட்டான். நம்மூர்லதான் நாலு பேருக்கு நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும். வெளியூர்க்காரன் முன்னாடி மானம் போகக் கூடாதேன்னு பத்து வருசம் நடிச்சாகன்னா, பதினோராவது வருசம் பழகிப் போயிடும்.

என்னடா, எழுதிக்கிட்டியா? லேப்டாப்பத் தெறக்காமயே மனசுல வச்சுக்கிட்டியா, கெட்டிக்காரன்.

சரி, வர்ற மாசி மகத்துக்கு ஒரே ஒரு வேன் வரட்டும். இருபத்தோரு பேரு, அதுக்கு மேல ஒரு தல கூடாது. கண்ணுல புரை எடுத்த பெறகு எனக்கு நல்லாத் தெரியுது, முன் சீட்டுல நானும் ஒக்காந்துக்கிறேன். எங்க எம்புட்டு நேரம் நிறுத்தணும்னு டிரைவருக்கு நான் சொல்றேன். மொத நிறுத்தமா? அதுல என்ன சந்தேகம், ஒங்க சின்ன அத்தை வீட்டு வாசல்தான். ஆவி பறக்க இட்லி, கடலைச் சட்டினி. ஏன்டா சிரிக்கிற? பழக்கதோசம்டா, விட்டுப் போகுமா.